வாக்குமூலத்தில் விடுபட்ட வாக்கியம்

என் மகனின் ரிமோட் காரிலிருந்து கழற்றிய 9 வோல்ட் பேட்டரி ஒன்று மேசையில் கிடக்கிறது. தீப்பெட்டி அளவுதான். தலையில் இரண்டு உலோகக் குமிழ்கள். எந்த எலக்ட்ரிக் கடையிலும் கிடைக்கும். எதற்கு என்று கடைக்காரர் கேட்கமாட்டார். ராஜீவ் காந்தியைக் கொன்ற குண்டுக்கு இப்படி இரண்டு பேட்டரிகளை வாங்கிக் கொடுத்தார் என்பதுதான் அந்தக் கொலை வழக்கில் பேரறிவாளன் மீதான குற்றச்சாட்டு; வாங்கிக் கொடுத்ததாக அவருடைய வாக்குமூலம் சொன்னது. 1991 ஜூன் 11 அன்று விசாரணைக்குக் கொண்டுபோகப்பட்டபோது அவருக்கு வயது 19.

அந்த வாக்குமூலத்தை எழுதியவர் சிபிஐ எஸ்.பி. தியாகராஜன். ஓய்வுபெற்ற பின் 2013இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார்: பேட்டரி எதற்காக என்று தனக்குத் தெரியாது என்றும் அந்தப் பையன் கூறியிருந்தான், அதை மட்டும் நான் பதிவு செய்யவில்லை என்று. எழுதியிருந்தால் அது குற்ற ஒப்புதலாக நின்றிருக்காது. அந்த ஒற்றை வாக்கியம் தாளில் ஏறாததால் ஒருவர் 31 ஆண்டுகள் சிறைக் கணக்கில் இருந்தார்; அதில் பல ஆண்டுகள் தூக்குக் கயிற்றின் நிழலில்.

நேற்று ஒரு நண்பர், "குண்டு வைக்கிறவனுக்கு எதற்கு விசாரணை, வக்கீல் எல்லாம்?" என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது கொடூரமான கொலை. ராஜீவ் காந்தியோடு, பாதுகாப்புப் பணிக்கு நின்ற போலீஸ்காரர்களும் செத்தார்கள். அவர்கள் வீட்டுக் கண்ணீருக்கு நியாயம் வேண்டும். அதனால்தான் கேட்கிறேன்: வைத்தவர் யார் என்பதை விசாரணை இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

போலீஸிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் சொன்னது. வெள்ளைக்காரன் இரக்கப்பட்டு எழுதியதாக நான் நினைக்கவில்லை. அதற்கு முன்பே, 1855இல், நம் சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த குழுவின் அறிக்கை வந்திருந்தது. வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் 'கிட்டி' போட்டார்கள். விரல்களை மரக்கட்டைகளுக்கு இடையில் வைத்து நெரிப்பது. 'அண்ணாந்தாள்' என்று ஆளை வளைத்துக் கட்டி வெயிலில் போட்டார்கள். நம் ஊர்ச் சொற்களே அந்த ஆங்கில அறிக்கையில் ஏறியிருக்கின்றன. வலி தாங்காதவன் எதையும் ஒப்புக்கொள்வான் என்று அன்றைக்கே தெரிந்திருந்தது. 1980களில் பயங்கரவாதத்துக்கு எதிராக வந்த தடா சட்டம் அந்தத் தடையை எடுத்துவிட்டது: எஸ்.பி. பதவியில் உள்ளவர் பதிவு செய்தால் போதும், அது சாட்சியம். மேல்முறையீட்டுக்கு உயர் நீதிமன்றமும் கிடையாது, நேராக டெல்லி உச்ச நீதிமன்றம்தான்.

1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் ராஜீவ் கொலை வழக்கில் 26 பேருக்கும் தூக்கு என்றது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்து வீட்டுக்கு அனுப்பியது. இடையில் பதினைந்தே மாதங்கள். நண்பர் கேட்கும் வேகத்தில் நீதி நடந்திருந்தால் அந்தப் பத்தொன்பது பேரையும் புதைத்திருப்போம். அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. இந்த வழக்குக்குத் தடா குற்றப் பிரிவுகளே பொருந்தாது என்றார்கள். ஆனால் தடாவின்கீழ் வாங்கிய வாக்குமூலங்கள் செல்லும் என்றார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது செரிக்கவில்லை.

தடா 1995இல் காலாவதியானது. 2002இல் பொடா என்ற புதுச் சட்டம் அதே விதியோடு திரும்பி வந்து, 2004இல் போனது. இலங்கையில் போகவே இல்லை. 1979இல் 'தற்காலிக ஏற்பாடு' என்ற பெயரோடு வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை 1982இல் நிரந்தரமாக்கினார்கள். அங்கே உதவிப் போலீஸ் அத்தியட்சகரிடம் (ஏ.எஸ்.பி.) சொன்னாலே ஒப்புதல் செல்லும். அடித்து வாங்கியது என்றால், அதை நிரூபிக்கும் பாரமும் அடி வாங்கியவர் தலையில்தான். சிங்களம் வாசிக்கத் தெரியாத எத்தனையோ தமிழ் இளைஞர்கள், சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார்கள். தாங்கள் எதை ஒப்புக்கொண்டோம் என்பதே அவர்களில் பலருக்கு நீதிமன்றத்தில் யாரோ மொழிபெயர்த்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.