மெல்லச் சிதைவு பாதிக் கதைதான்
பிரபஞ்சம் தொடக்கத்தில் மின்னல் வேகத்தில் விரிந்த பெருவீக்கம் முடிந்ததும், அதை நடத்திய இன்ஃப்ளேட்டான் புலம் மெல்லச் சிதைந்து துகள்களைத் தந்தது என்று ஒரு கட்டுரை சொல்கிறது; அது பாதிதான். 1990-இல் இயற்பியலாளர்கள் டிராஷனும் பிராண்டன்பெர்கரும், 1994-இல் காஃப்மன், லிண்டே, ஸ்டாரோபின்ஸ்கி மூவரும் வேறொரு வழியைக் காட்டினார்கள்: அந்தப் புலம் ஊசலாடும்போது அதோடு பிணைந்த புலங்களில் ஒத்ததிர்வு ஏற்பட்டால், துகள்கள் அடுக்குக்குறி வேகத்தில் பெருகும். மார்த்தாண்டத்தில் என் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஓண ஊஞ்சலை வைத்துத்தான் இதைச் சொல்வேன். நின்று ஆடுகிறவர் சரியான நேரத்தில் குந்தி எழுந்தால், யாரும் தள்ளாமலே வீச்சு கூடிக்கொண்டே போகும். எலக்ட்ரானும் இப்படியே பெருகுமா என்று கட்டுரையைப் படித்த ஒருவர் கேட்டிருக்கிறார். பெருகாது. எலக்ட்ரான் ஃபெர்மியான் என்னும் வகைத் துகள், அந்த வகை ஒரு நிலையில் ஒன்றுக்கு மேல் இருக்க பாலியின் தவிர்ப்பு விதி விடாது. இந்தப் பெருவெள்ளம், ஒரே நிலையில் எத்தனையும் சேரக்கூடிய போசான் வகைத் துகள்களுக்கே உரியது. ஒத்ததிர்வு ஓய்ந்தபின் மிஞ்சும் இன்ஃப்ளேட்டானைக் கரைக்க, கட்டுரை சொல்லும் மெல்லச் சிதைவும் வேண்டும்.