பம்பை அடிப்பவரின் கண் எங்கே இருக்கிறது?

ரோபோ ஒன்று கோல் பிடித்து இசைக்குழுவை நடத்தும் வீடியோவை நம் கிருஷ்ணகிரி வாட்ஸ்அப் குழுக்களில் ஆளாளுக்கு அனுப்புகிறார்கள். ‘இனி மேளக்காரருக்கும் வேலை போச்சு’ என்று அடியில் ஒரு வரி வேறு. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

இது ஒன்றும் புதுசல்ல. 2008இல் ஹோண்டாவின் அசிமோ என்ற ரோபோ அமெரிக்காவின் டெட்ராய்ட் சிம்பொனி இசைக்குழுவின் முன்னால் நின்று கையசைத்தது. 2023இல் தென்கொரியாவின் சியோலில் எவர் 6 என்ற ரோபோ வந்தது. நடுவில், 2017இல் இத்தாலியின் பீசா நகரில், பாடகர் ஆண்ட்ரியா போச்செல்லி பாடிய மேடையில் யூமி என்ற ரோபோ. அந்த யூமியின் கைகளைப் பிடித்து ஒவ்வொரு வீச்சாகப் பழக்கியவர் ஆண்ட்ரியா கொலம்பினி என்ற இசை நடத்துநர். பாடுகிறவர் ஓரிடத்தில் கூடுதலாக மூச்சு எடுத்தால் அதற்குத் தெரியாது. பழகிய வேகத்திலேயே வீசிக்கொண்டிருக்கும். குழுதான் அதை அனுசரித்துப் போக வேண்டும்.

மாசியில் காவேரிப்பட்டணத்தில் அங்காளம்மனுக்கு நடக்கும் மயானக்கொள்ளைத் திருவிழாவுக்குப் போனவர்கள் பம்பைக்காரரைக் கொஞ்சம் கவனித்திருப்பீர்கள். அவர் குச்சியையும் பார்ப்பதில்லை, தோலையும் பார்ப்பதில்லை. அருள் வரப்போகிறவரின் பாதத்திலேயே கண் இருக்கும். குதிகால் தரையை விட்டு எழும்பத் தொடங்கினால் அடி இறுகும். சாமி இறங்கத் தாமதித்தால், சாமியை அழைத்துப் பாடும் வர்ணிப்பை இன்னும் நாலு வரி இழுப்பார். பக்கத்தில் உடுக்கைக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு கூடவே போவார். சாமி மலையேறும்போது அடி மெல்லத் தளரும். யாரும் யாருக்கும் கை காட்டுவதில்லை. இத்தனையும் கேட்டும் பார்த்தும் அந்த நொடியில் முடிவாவது. கல்யாண வீட்டிலும் அப்படித்தான். பெரியவர் ஒருவர் விரலை உயர்த்தினால் போதும், நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டிருந்த ராகத்தை அப்படியே விட்டுவிடுவார், கெட்டிமேளம் முழங்கும்.

சரி, இயந்திரம் நம்மிடம் வரவே இல்லையா? எப்போதோ வந்துவிட்டது. தீபாராதனைக்கு சுவிட்சைப் போட்டால் மோட்டார் சுற்றி, குச்சிகள் முரசில் விழுந்து, மணியும் சேகண்டியும் அடிக்கின்றனவே, அதுதான். மனிதரைவிட நன்றாக வாசிக்கிறது என்றா அதை வைத்தோம்? ஆள் வைத்தால் மாதாமாதம் சம்பளம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். வருமானமே இல்லாத சின்னக் கோயிலில் தினப்பூசைக்கு அது இருக்கட்டும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் லட்சக்கணக்கில் வசூலாகும் திருவிழாவிலேயே பம்பையை ஸ்பீக்கரில் ஓடவிடுகிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒலிநாடா சாமியாடியின் பாதத்தைப் பார்க்குமா? கலைஞர் பிழைப்பில்லாமல் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவது ரோபோவின் திறமையால் அல்ல, நம் கஞ்சத்தனத்தால்.

எங்கள் தெரு விழாக் கமிட்டியிடம் சொல்லிவிட்டேன். இந்த மாசிக்கு வாணவேடிக்கைப் பணத்தில் பாதியைக் குறைத்து, ஒரு பம்பை செட்டை விழா முடியும்வரை பேசுங்கள். அப்புறம், கூடவே கற்றுக்கொள்ள வருகிற பையன் இருந்தால் அவனுக்கும் தனியாகக் கூலி கொடுங்கள். குறைகிற பணத்தை நான் போடுகிறேன்.