கடல் இருக்குல்ல?

தங்கச்சிமடத்தில் என் வீட்டுத் திண்ணைதான் டியூஷன். ஏழாவது படிக்கும் பையன் ஒருத்தன் வருகிறான். அந்தோணி என்று வைத்துக்கொள்வோம், நிஜப் பெயர் வேண்டாம். போன வாரம் அவன் அம்மாவிடம், பையனுக்கு வாசிப்பு வரவில்லை, ஒரு முறை பரிசோதித்துப் பார்த்துவிடலாம் என்றேன். "படிப்பு ஏறலன்னா என்ன டீச்சர், கடல் இருக்குல்ல" என்றார். கோபமே இல்லை. எனக்கு ஆறுதல் சொல்வது போலத்தான் சொன்னார்.

பாம்பனிலிருந்து தொண்டி வரை இந்தப் பேச்சைக் கேட்காத டீச்சர் இருக்க மாட்டார். பெற்றோர் மட்டும் சொல்வதில்லை. ஸ்டாஃப் ரூமில் நாங்களும் சொல்வோம். "அவன் எப்படியும் தொழிலுக்குப் போய்க்குவான், விடுங்க." பெண் பிள்ளை என்றால் பாசி எடுக்கப் போகலாம், கருவாடு காய வைக்கலாம், கல்யாணம் பண்ணிக் கொடுத்துவிடலாம். எங்களால் சொல்லிக் கொடுக்க முடியாததைக் கடல் தலையில் கட்டிவிடுகிறோம், அவ்வளவுதான்.

கடலுக்கு எழுத்து வேண்டாம் என்று யார் சொன்னது? ஜி.பி.எஸ். திரையைப் பார்த்துத்தான் எல்லை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறார்கள். போட்டுக்காரரிடம் வாங்கிய முன்பணம் எவ்வளவு, கழித்தது எவ்வளவு, பங்கு எவ்வளவு என்பதெல்லாம் நோட்டில்தான் இருக்கிறது. அந்த நோட்டைப் படிக்கத் தெரியாதவன் கணக்கு எப்படியிருக்கும் என்று இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அந்தோணி முதலில் வேறு டியூஷனில்தான் இருந்தான். நாற்பது பிள்ளைகள், ஒரு டீச்சர். பகலில் பள்ளியில் புரியாத அதே பாடத்தை, அதே மாதிரி, சாயங்காலம் இன்னொரு தடவை நடத்துவார்கள். ஆறு மாதத்தில் "இவனால மத்த பிள்ளைங்க கெடுது" என்று அனுப்பிவிட்டார்கள். அவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் முதல் இரண்டு மாதம் தப்பான சொல்லைப் பத்துத் தடவை எழுத வைத்தேன். தப்பாகவே பத்துத் தடவை எழுதினான்.

ஒரு நாள் 'தோணி' என்ற சொல்லை 'தேணி' என்று வாசித்தான். "டேய், தேனிக்கு பஸ் ஏறப் போறியா" என்று மற்றதுகள் சிரித்தன. அப்போதுதான் எதிரே உட்காராமல் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். 'தோ'வில் இரட்டைக்கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் அதன் ஓசை 'த'வுக்குப் பின்னால் வருகிறது. கடைசியில் கால் ஒன்று தனியாக. கண் ஒரு வரிசையில் போகிறது, வாய் வேறு வரிசையில் போகிறது. நமக்கெல்லாம் சின்ன வயதிலேயே பழகிவிட்டதால் இது உறைப்பதே இல்லை. அவன் கொம்பைப் பார்க்கிறான், 'த'வைப் பார்க்கிறான், காலை விட்டுவிடுகிறான். 'கொடி'யைக் 'கெடி' என்பதும், 'போட்டி'யைப் 'பேட்டி' என்பதும் இதனால்தான். சோம்பேறித்தனம் என்று நான் நினைத்தது இதைத்தான்.

பழைய காலண்டர் அட்டையை வெட்டி, கொம்பு தனி, எழுத்து தனி, கால் தனி என்று செய்து கொடுத்தேன். அவன் கையால் சேர்த்து வைத்து, தடவிப் பார்த்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு சாயங்காலத்துக்கு ஐந்து எழுத்து, அதற்கு மேல் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதம் எனக்கு ஃபீஸ் வராது, ஆனால் லீவு என்பதால் பிள்ளைகள் வருவார்கள். அதில்தான் இவன் கொஞ்சம் தேறினான். இப்போது மெதுவாக வாசிக்கிறான். அவசரப்படுத்தினால் இன்னமும் கால் விழுந்துவிடும்.

இது கற்றல் குறைபாடா, வேறு ஏதாவதா என்று சொல்ல நான் ஆளில்லை. அதைச் சொல்கிறவர்களிடம் கூட்டிப் போகத்தான் சொல்கிறேன். கற்றல் குறைபாடும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று. பள்ளிக் கல்வித்துறையின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், மருத்துவ முகாமும் நடத்துகிறார்கள். கற்றல் குறைபாடு இருக்கிறது என்ற மருத்துவச் சான்று கையில் இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்கலாம், சொல்வதை எழுத ஆள் கேட்கலாம், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கும் கேட்கலாம். தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பத்தாவது போன பிறகு ஓடினால் அலைச்சல்தான் மிச்சம்.

ஆனால் எட்டாவது வரை ஃபெயில் கிடையாது என்பதால் அதுவரை யாருக்கும் உறைப்பதில்லை. ஃபெயில் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, போட்டால் இவன் ஐந்தாவதிலேயே வலை இழுக்கப் போயிருப்பான். பாஸ் போடுகிறோமே, வாசிக்கத் தெரிகிறதா என்று ஒரு தடவை கேட்டால் போதும்.

சான்று என்றதும் அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. "ஊனம்னு எழுதிக் குடுத்துருவாங்களா? நாளைக்கு இவன் தங்கச்சிக்கு வரன் வரும்போது கேப்பாங்களே." இதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. நானும் சட்டம் பேசவில்லை. 'தோணி' என்று எழுதியிருந்த நோட்டை எடுத்துக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. "இத அவனே எழுதுனானா" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்காரர் புதன்கிழமை கடலுக்குப் போயிருக்கிறார், வியாழன் காலையில் கரைக்கு வந்ததும் கேட்டுச் சொல்கிறேன் என்று கிளம்பினார். பையனின் ஆதார் நகலை மட்டும் என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறார்.