‘கரு கரு கருப்பாயி’ பாடல் ‘லியோ’வுக்காக உருவானதா?

‘கரு கரு கருப்பாயி’ பாடல் 2023-இல் வெளியான ‘லியோ’ படத்துக்காக அனிருத் இசையமைத்தது என்றொரு தகவல், இயக்குநர் லோகேஷ் கனகராஜ் நம் கிணத்துக்கடவுக்காரர் என்ற பெருமிதக் குறிப்போடு, கோவை, பொள்ளாச்சி வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. பெருமிதம் நியாயமானது, தகவல் தவறு.

அந்தப் பாடல் 2000-ஆம் ஆண்டில் பிரபுதேவா, ரோஜா நடித்து வெளிவந்த ‘ஏழையின் சிரிப்பில்’ படத்துக்காக தேவா இசையமைத்தது. ‘லியோ’வின் இசையமைப்பாளர் அனிருத் என்பதால், படத்துக்குள் கேட்கும் எல்லாமே அவருடையது என்று கருதியதிலிருந்தே இந்தக் குழப்பம் பிறந்திருக்க வேண்டும். ஆனால் பழைய பாடல்களைக் காட்சிக்குள் ஒலிக்க விடுவது இந்த இயக்குநரின் வழக்கம். 2022-இல் ‘விக்ரம்’ படத்தில் ஒலித்த ‘சக்கு சக்கு வத்திக்குச்சி’கூட, ஆதித்யன் இசையமைத்து 1995-இல் வெளிவந்த ‘அசுரன்’ படப் பாடல்தான். பலர் மறந்தே போயிருந்த அந்தப் பாடலை 27 ஆண்டுகளுக்குப் பிறகு ஊரெங்கும் கேட்க வைத்த பெருமை லோகேஷுக்கு உரியது என்பதை மனமார ஏற்கிறேன். எனினும் ‘கருப்பாயி’யின் இசைக்கு உரியவர் தேவா, தவறான தகவலைப் பகிர்ந்தவர்கள் அவர் பெயரைச் சேர்த்து, அதே குழுக்களில் திருத்திப் பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன்.