பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் இன்ஜின் கோளாறு சரியாகுமா?

"செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் ஒர்க்‌ஷாப் போகாதீர்கள், பேட்டரியின் மைனஸ் வயரைப் பத்து நிமிடம் கழற்றி மாட்டுங்கள், கோளாறு போய்விடும்." கடலூர், புதுச்சேரிப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இது. கார் டேஷ்போர்டில் எரியும் அந்த விளக்கு அணையலாம். கோளாறு போகாது.

வயரைக் கழற்றினால் பல கார்களில் இசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி, பதிந்துவைத்த பிழைக் குறியீடு அழிந்துவிடும். கோளாறு வந்த நொடியில் இன்ஜின் வேகமும் சூடும் எவ்வளவு என்ற பதிவும் கூடவே போய்விடும். மெக்கானிக்குக் கிடைக்க வேண்டிய துப்பை நாமே துடைத்துவிடுகிறோம். கொஞ்ச தூரம் ஓட்டி, இசியூ மறுபடி சோதித்ததும் விளக்கு திரும்ப எரியும். அதே விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே கெடுத்துவிடும். அப்போது வண்டியை ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள்.

சரி, பிழைக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் வாங்கினால் போதுமா? ஸ்டியரிங் பக்கம் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் செருகும் மலிவான புளூடூத் கருவியே குறியீட்டைக் காட்டும். ஆனால் அது சொல்வது அறிகுறியை மட்டும். பி0171 என்ற குறியீடு வந்தால், இன்ஜினில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். உடனே புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிப் பணத்தைக் கரைப்பவர்கள் உண்டு. வெடிப்பு விட்டு, காற்றை உள்ளே விடும் ரப்பர் குழாய்கூடக் காரணமாக இருக்கலாம். அதைப் பார்க்க டார்ச் லைட் போதும்.

தேவனாம்பட்டினம் மாதிரி கடலோரத்தில் நிற்கும் கார் என்றால் பேட்டரி முனைகளையும் எர்த் வயர் போல்ட்டையும் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருக்கும். வயரைக் கழற்றி மாட்டிய சிலருக்கு நிஜமாகவே சரியானதற்கும் இதுதான் காரணமாக இருக்கும்: லூசாக இருந்த முனை இறுகியிருக்கும்.