அக்காவின் கொப்பி

வெள்ளவத்தையில் அக்கா வீட்டு மேசையில் எப்போதும் ஒரு கொப்பி கிடக்கும். பேச்சுப் பயிற்சிக்கு எவ்வளவு, பிசியோவுக்கு எவ்வளவு, ஓட்டோவுக்கு எவ்வளவு என்று திகதி போட்டு எழுதியிருப்பார். ஓரமெல்லாம் மகள் ஒட்டிய பூ ஸ்டிக்கர்கள். பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம். வயிற்றில் இருந்தபோது ஸ்கானைப் பார்த்து "எல்லாம் நோர்மல்" என்றார்கள். இதயத்தில் ஓட்டை இருப்பது, பிறந்து ஏழு மாதமான பிறகுதான் தெரிந்தது.

போன கிழமை ஒரு சட்டத்தரணி நண்பர் அங்கே வந்து 'றோங்ஃபுல் லைஃப்' வழக்குகளைப் பற்றிச் சொன்னார். "நீங்கள் சரியாகச் சொல்லியிருந்தால் அம்மா என்னைப் பெற்றிருக்கமாட்டார், என் செலவுக்கு ஈடு தாருங்கள்" என்று குறைபாட்டோடு பிறந்த பிள்ளையே டொக்டர் மீது போடும் வழக்கு. 1982இல் மக்கே வழக்கில் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் இதை மறுத்துவிட்டது. வாழ்வதையும் பிறக்காமலே இருப்பதையும் எந்தத் தராசில் நிறுப்பது? பிரான்சில் 2000இல் பெருஷ் வழக்கில் பிள்ளைக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மாற்றுத்திறனாளிகள் கொதித்துப் போனார்கள். 2002இல், பிறந்ததையே நட்டமாகக் காட்டி யாரும் ஈடு கேட்க முடியாது என்று அங்கே சட்டம் வந்தது. அந்தக் கோபம் நியாயமானது. என் மருமகளைப் பார்த்து "நீ பிறந்ததே நட்டம்" என்று ஒரு தீர்ப்பு சொன்னால் என்னால் தாங்க முடியாது.

ஆனால் அக்காவின் கொப்பியில் அப்படி ஒரு வரியும் இல்லை. ஓட்டோ காசுதான் இருக்கிறது.

நம் இலங்கையில் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவுப்படி, தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருவைக் கலைக்கலாம். "முன்பே தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்பீர்கள்?" என்று எதிர்த்தரப்பு கேட்கும் என்றார் நண்பர். அக்கா உடனே சொன்னார்: "நான் கலைச்சிருக்கவே மாட்டன். பிறந்த கிழமையே இதயத்தைப் பாக்கச் சொல்லியிருப்பன்." டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இதயக் குறைபாடு இருக்கும். சொல்லாமல் விட்டதன் நட்டம் அங்கேதான் இருக்கிறது.

சரி, பெற்றோரே வழக்குப் போடலாமே? இங்கே இப்படியான நட்டஈட்டு வழக்கை 2 வருடத்துக்குள் போட வேண்டும். அந்த 2 வருடமும் அக்கா பிள்ளையோடு ஆஸ்பத்திரி வாங்கில்தான் இருந்தார். பராயமடையாத பிள்ளைக்கு அந்தக் காலக்கெடு ஓடாது. அதனால்தான் பிள்ளையின் பெயரில் கேட்கும் வழி திறந்திருக்க வேண்டும் என்கிறேன். 2014இல் தென்னாபிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம், டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பையனின் வழக்கில் அந்தக் கதவை அடியோடு மூட மறுத்தது. பிள்ளையின் நலனை வைத்துப் பார்க்கச் சொன்னது. அங்கேயும் இங்கேயும் இப்படியான வழக்குகளுக்கு அடிப்படை டச்சுக்காரர் விட்டுப்போன உரோமன் டச்சுச் சட்டம்தான்; அதனால் அந்தத் தீர்ப்பை இங்கேயும் எடுத்துக் காட்டலாம்.

நம் நீதிபதிகளும் பிறப்பா பிறவாமையா என்ற கேள்வியை விட்டுவிட்டு அந்தக் கொப்பியை வாங்கிப் பார்க்கட்டும். முதல் பக்கத்தில், முதல் வரியில், ஏழாம் மாதம் எடுத்த இதய ஸ்கானின் காசு இருக்கிறது.