ரேம்ல என்ன சார் இருக்கு!

இனி யாராவது என்னிடம் ‘ஃபார்மேட் போட்டுப் பாருங்க’ என்று சொன்னால், பெரியவர் சின்னவர் பார்க்க மாட்டேன். சொல்லிவிட்டேன்.

என் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்தது 8 ஜிபி ரேம். எக்செல், டாலி, ஜிஎஸ்டி போர்ட்டல் மூன்றையும் சேர்த்துத் திறந்தால் மூச்சு வாங்கும். சரி, இன்னொரு 8 ஜிபி போட்டுவிடலாம் என்று சிபியூவைத் தூக்கிக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். பழையது டிடிஆர்4 ரகம், வேகம் 2666. கடைக்காரத் தம்பி எடுத்து வைத்தது அதே ரகம், வேகம் 3200. “ஸ்பீடு வேற வேறயா இருக்கே, சேருமா?” என்றேன். “எல்லாம் சேரும், ரேம்ல என்ன சார் இருக்கு!” அதோடு விட்டாரா? ‘காசு குடுத்திருக்கீங்கல்ல’ என்று பயாஸுக்குள் (விண்டோஸ் எழும் முன் வரும் செட்டிங் திரை) போய், ரேமை வழக்கமான வேகத்தைத் தாண்டி விரட்டும் எக்ஸ்எம்பி என்ற செட்டிங்கையும் ஆன் செய்து அனுப்பினார்.

அது 17-ஆம் தேதி. 20-க்குள் ஜிஎஸ்டி மாதக் கணக்கான 3பி தாக்கல் செய்ய வேண்டிய கட்சிக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். 18 காலையில் நீலத் திரை: ‘மெமரி மேனேஜ்மென்ட்’. மதியம் வேறொன்று: ‘ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்’. யாருக்குப் புரிய எழுதுகிறார்களோ! கடைக்குப் போன் போட்டால், “வைரஸ் சார், ஃபார்மேட் போடுங்க.” பக்கத்து ஆபீஸ்காரர் யூபிஎஸ் என்றார். மச்சான் ரேமைக் கழற்றி, என் மகளின் அழிரப்பரால் அந்தத் தங்கப் பற்களைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுத்தான். அடுத்த பத்தாவது நிமிடம் மறுபடி நீலம்.

கடைசியில் நானும் ஃபார்மேட் போட்டேன். புத்தி எங்கே போனதோ! டிஸ்கில் எழுதப்படும் ஒவ்வொரு ஃபைலும் ரேம் வழியாகத்தானே போகிறது? ரேம் தடுமாறும்போது புது விண்டோஸ் ஏற்றுவது சேற்றுத் தண்ணீரில் வேட்டி அலசுவது மாதிரி. புதிதாகப் போட்ட விண்டோஸும் அழுக்காகத்தான் வந்தது. பேக்கப் ஜிப்பைத் திறந்தால் சிஆர்சி எரர், அதாவது ஃபைல் கெட்டுப்போயிருக்கிறதாம். அதே பென்டிரைவ் வீட்டு லேப்டாப்பில் சமர்த்தாகத் திறக்கிறது!

விண்டோஸிலேயே இருக்கும் மெமரி சோதனை ‘ஒன்றும் இல்லை’ என்று சத்தியம் செய்தது. அப்புறம்தான் பென்டிரைவில் மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளை ஏற்றி ராத்திரி ஓடவிட்டேன். முதல் சுற்று முடிவதற்குள் திரையெல்லாம் பிழை காட்டும் சிவப்பு வரிகள். ரேம்களை ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்தால், பழையது அதன் 2666-இல் சுத்தம், புதியது 3200-இல் சுத்தம். இரண்டையும் சேர்த்து எக்ஸ்எம்பி போட்டால்தான் சண்டை. 1.2 வோல்ட்டில் 2666 ஓடப் பிறந்த கிழவனை, 1.35 வோல்ட் ஏற்றி 3200-இல் ஓடு என்று விரட்டியிருக்கிறார்கள். பாவம், அது என்ன செய்யும்?

பயாஸில் எக்ஸ்எம்பியை ஆஃப் செய்தேன். ஒரே ஒரு வரி, ஒரே ஒரு என்டர். இரண்டும் 2666-க்கு இறங்கின. நான்கு சுற்று ஓடியும் ஒரு பிழை இல்லை. இதற்காக மூன்று நாள், இரண்டு ராத்திரி. லேட் ஃபீஸ் என் கைக்காசு.

நேற்று அந்தக் கடைக்கு நேரிலேயே போய்க் கத்தினேன். தம்பி அசரவே இல்லை. “3200-லயே ஓடணும்னா அந்தப் பழசத் தூக்கிட்டு இதே மாதிரி இன்னொண்ணு போட்டுடலாம் சார். உங்களுக்குன்னா நூறு ரூபா கம்மி பண்ணித் தரேன்.”